குளிர்ந்த இணைப்பும் என் சிவப்புப் பேனாவும்

1. பாலசமுத்திரம் கோவிந்தசாமியின் மூத்த மகன் தாமோதரன் ஆகிய நான், வயது ஐம்பத்தாறு, சித்தூர் நீதிமன்றங்களில் இருபத்தொன்பது ஆண்டுகளாக வழக்கறிஞராகத் தொழில் செய்பவன், முழு நினைவோடும் எவருடைய தூண்டுதலும் இன்றியும் இதை எழுதுகிறேன்.

2. இது என் தங்கை வனஜாவுக்கு எழுதப்படுவது. நெடுந்தூரம் பறக்கும் பெரிய பயணிகள் விமானம் ஒன்றின் இறக்கையை வடிவமைத்த குழுவில் அவள் பொறியாளராக இருந்தாள். அவள் காலமாகி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன.

3. இதில் உள்ளவை நானே கண்டவை, செய்தவை. பிறர் சொல்லக் கேட்டவற்றை அந்தந்த இடத்தில் அவ்வாறே குறிப்பிட்டிருக்கிறேன்.

4. இதில் கூறப்படும் விஷயத்தில் நான் தவறு செய்தேன்.

என் அன்புத் தங்கச்சி வனஜாவுக்கு,

நீ போன பிறகு உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. என் தொழிலுக்கு ஆங்கிலமும் தெலுங்கும் போதும். ஆனால் உன்னோடு நான் போட்ட சண்டை அத்தனையும் தமிழில் போட்டவை. ஆகவே இதையும் தமிழில் எழுதுகிறேன். தபாலில் சேர்க்க முடியாத கடிதத்தை ஊரார் படிக்க வெளியிடுவானேன் என்று நீ கேட்பாய். காரணம் இருக்கிறது. அலுவலக இரகசியத்தை வெளியாளுக்குக் காட்டியவள் என்று இப்போது உன்னைப் பற்றி ஒரு பேச்சு எழுந்திருக்கிறது. அந்தப் பேச்சைத் தொடங்கிவைத்தவன் நான்தான். எதற்காகத் தொடங்கினேன் என்பதை உன்னிடமும், கேட்க விரும்புகிறவர்களிடமும் ஒரே சமயத்தில் சொல்லிவிடுவது நல்லது.

இரண்டு மாதங்களுக்கு முன், ஒரு சனிக்கிழமை காலையில், ஹரிப்ரியா சித்தூருக்கு வந்தாள். உனக்கு அவளை நினைவுபடுத்த வேண்டியதில்லை. படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: திருப்பதியில் தலைமுறைகளாகக் கோயில் கைங்கரியம் செய்யும் குடும்பத்துப் பெண், பெங்களூரில் உன் பக்கத்து மேசையில் ஐந்து ஆண்டுகள் உட்கார்ந்து உன்னிடம் வேலை பழகியவள், இன்றும் அதே இடத்தில் வேலை செய்கிறவள். விடுப்பில் வீட்டுக்கு வந்தவள் பஸ் ஏறி என் அலுவலகத்துக்கே வந்துவிட்டாள்.

முதலில் கைப்பேசியில் ஒரு காட்சியைக் காட்டினாள். வனஜா, உன் விமானம் பறந்துவிட்டது. ஓடுபாதையில் ஓடிக்கொண்டிருக்கும்போதே இறக்கைகளின் நுனிகள் மெல்ல மேலே வளைந்தன. சக்கரங்கள் அதற்குப் பிறகுதான் தரையை விட்டன. "பாத்தேளா சார், றெக்கைக்கு முன்னாடியே தெரிஞ்சுடறது, கிளம்பப்போறோம்னு" என்றாள் ஹரிப்ரியா. நீயும் இதே வார்த்தைகளைச் சொல்லியிருப்பாய் என்று தோன்றியது. நான் மூன்று முறை பார்த்தேன். நான்காவது முறை கேட்க வெட்கமாக இருந்தது.

பிறகு அவள் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தாள். "சார், ஒண்ணு கேக்கணும். அக்கா கடைசியா எழுதின குறிப்பு, அந்த ஃபிளாப் பிராக்கெட் பத்தி. அதை அக்காதான் எழுதினாளா?"

நான் வழக்கறிஞன். என்னிடம் கேட்கப்படும் எந்தக் கேள்விக்கும் முதலில் இன்னொரு கேள்வியையே பதிலாகக் கொடுப்பது என் வழக்கம். "ஏன் கேக்கறே?" என்றேன்.

அவள் சொன்னதை அப்படியே இங்கே பதிவு செய்கிறேன். இது கேள்விப்பட்டது, பின்னர் ஆவணங்களைப் பார்த்து உறுதி செய்துகொண்டேன்.

"எங்க ஆபீஸ்ல எந்தக் குறிப்பு வந்தாலும் ரெண்டு பெட்டில ஒண்ணுல போட்டுடுவா சார். ஒண்ணு அப்ஜெக்‌ஷன். இன்னொண்ணு அப்சர்வேஷன். 'இதுக்குக் கையெழுத்துப் போடமாட்டேன்'னு எழுதினா அது அப்ஜெக்‌ஷன். சோதனை பண்ணி நிரூபிக்காம அதை யாராலும் மூட முடியாது, எவ்வளவு பெரிய அதிகாரியானாலும். 'செஞ்சா நன்னாருக்கும்'னு எழுதினா அது அப்சர்வேஷன். அதை மேல இருக்கறவர் ஒரு வரி எழுதி மூடிடலாம். அக்காவோடதை மூணே நாள்ல மூடிட்டா. 'கவனத்தில் கொள்ளப்பட்டது'ன்னு."

நான் பேனாவை மூடி வைத்தேன்.

"நேக்கு ரெண்டு வருஷமா புரியலே சார். அந்த இணைப்பைப் பத்தி அக்கா எங்கிட்ட எத்தனை நாள் சண்டை போட்டிருக்கா! அவளாவது, 'விரும்பத்தக்கது'ன்னு எழுதறதாவது! அது அவ பாஷையே இல்லே."

அது உன் பாஷை இல்லை என்பது எனக்குத் தெரியும், வனஜா. அது என் பாஷை.

படிப்பவர்களுக்கு இந்த இணைப்பு என்னவென்று விளங்க வேண்டும். எனக்கு நீ விளக்கிய விதத்திலேயே சொல்லிவிடுகிறேன். அதைவிடத் தெளிவாக என்னால் சொல்ல முடியாது. நீ நோயோடு என்னிடம் வந்து தங்கியிருந்தபோது ஒரு நாள் நம் வீட்டுச் சமையலறையில் இரண்டு எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றுக்குள் ஒன்று இறுகிக்கொண்டன. உன் அண்ணி லலிதா அவற்றைத் தரையில் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மருந்து ஏற்றிக்கொண்டு திருப்பதி ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி இரண்டு நாள்கூட ஆகாத நீ, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு எழுந்து வந்தாய். உள் டம்ளரில் ஐஸ் தண்ணீரை ஊற்றினாய். வெளி டம்ளரைச் சுடுதண்ணீர்ப் பாத்திரத்தில் வைத்தாய். சிறிது நேரத்தில் இரண்டும் தாமாகவே விலகின.

"பாத்தியாண்ணா? குளுந்தா சுருங்கும், சுட்டா விரியும். இப்ப இதையே றெக்கைல நெனச்சிப் பாரு. றெக்கை கார்பன். அது குளுருக்குச் சுருங்கவே சுருங்காதுனு வெச்சிக்கோ. அதுல ஒரு உலோக பிராக்கெட்டு. அது நல்லா சுருங்கும். ரெண்டத்தையும் ஒரே போல்ட்டுல கட்டி வெச்சிருக்கோம். சுருங்கறவளும் சுருங்காதவளும் ஒரே வீட்ல இருந்தா யாருக்கு அடி?"

"போல்ட்டுக்கு" என்றேன்.

"அம்மாவுக்கும் அண்ணிக்கும் நடுவுல நீ நிக்கறியே, அந்த மாதிரி" என்றாய். லலிதா கரண்டியை ஓங்கினாள்.

சிரித்து முடித்துவிட்டு நீ தொடர்ந்ததும் நினைவிருக்கிறது. குறைந்த தூரம் போகும் விமானம் டவுன் பஸ் மாதிரி, ஏறுவதும் இறங்குவதுமாகத் தேயும். இது அப்படியல்ல. ஒரு முறை மேலே போனால் பதினைந்து, பதினாறு மணி நேரம் பூஜ்யத்துக்கு ஐம்பது டிகிரி கீழே ஊறிக் கிடக்கும். பிறகு அரை மணி நேரத்தில் இறங்கி மே மாத வெயிலுக்குள் வரும். வரும்போதுதான் இறக்கையின் பின்விளிம்பில் இருக்கும் ஃபிளாப் என்கிற மடல் கீழே இறங்கிக் காற்றை முழு பலத்தோடு தாங்கும். அந்த மடலைத் தாங்குவது இந்த பிராக்கெட். அந்த நேரத்தில் உள்ளே இணைப்பு இன்னும் குளிர்ந்தே இருக்கும். ஆனால் சோதனையோ வெதுவெதுப்பான கூடத்தில் நடந்தது. குளிருக்காக ஓர் எண்ணால் பெருக்கிக்கொண்டார்கள். அந்த எண், முன்பு செய்த, இதன் பாதி தூரம்கூடப் போகாத விமானத்துக்காக வகுத்தது.

"அந்த எண்ணு தப்புன்னு சொல்றியா?" என்று கேட்டேன்.

"தப்புன்னு சொல்லலண்ணா. சரின்னு யாருக்கும் தெரியாதுன்னு சொல்றேன். தெரியாததுல முந்நூறு பேர ஒக்கார வெக்கக் கூடாது."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம் அந்தக் குறிப்பை நீ நோட்டுப் புத்தகத்தில் எழுதினாய். எழுதி என்னிடம் நீட்டினாய். அலுவலகத்துக்கு வெளியே எவரிடமும் காட்டக் கூடாத ஒன்றை அண்ணனிடம் நீட்டினாய். ஆங்கிலம் சரியாக இருக்கிறதா பார் என்று. நீ வேலையில் சேர்ந்தபோது இரகசியம் காப்பதாக எழுதிக்கொடுத்த பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவனே நான்தான். எனக்கு அது தெரியும். இருந்தும் வாங்கிப் படித்தேன்.

கடைசி வாக்கியம் இது. இன்று தமிழில் சொல்கிறேன்: "இந்த இணைப்பு குளிர்ந்த நிலையில் சோதிக்கப்படும் வரை இந்தப் பாகத்துக்கு நான் கையெழுத்திட மாட்டேன்."

நான் சிவப்புப் பேனாவை எடுத்தேன்.

"மாட்டேன்னு எழுதாதம்மா."

"ஏண்ணா?"

"நாளைக்கே நீ சொன்னது தப்புன்னு ஆச்சின்னா, மாட்டேன்னு எழுதனவ தலைமேலதான் விழும். 'குளிர்ந்த நிலையில் கூடுதல் ஆய்வு விரும்பத்தக்கது'ன்னு போடு. சொல்ல வேண்டியதச் சொன்ன மாதிரியும் ஆச்சி, மாட்டிக்காத மாதிரியும் ஆச்சி. ரெண்டு பக்கமும் கதவு தொறந்தே இருக்கும்."

"கதவு தொறந்து இருந்தா பிளேன் பறக்காதுண்ணா" என்றாய்.

நான் சிரிக்கவில்லை. உன் கை அப்போது பேனாவைப் பிடிக்கவே சிரமப்பட்டது. நோயோடு ஒரு போர் போதும், மேலதிகாரிகளோடு இன்னொன்று வேண்டாம் என்று நினைத்தேன். என் கட்சிக்காரர்களை நான் காப்பாற்றுவது இப்படித்தான்: உறுதியான சொல்லை அடித்து, வழுக்கிப் போகக்கூடிய ஒரு சொல்லை அங்கே வைப்பேன். இருபத்தொன்பது ஆண்டுகளில் இதனால் கெட்டவர் எவரும் இல்லை. நீ வாதாடிப் பார்த்தாய். பிறகு சோர்ந்துபோய், கணினியில் என் வாக்கியத்தைத் தட்டினாய். "போட்டாச்சிண்ணா கையெழுத்து. ஒனக்கு இப்ப நிம்மதியா?" என்றாய்.

நிம்மதியாகத்தான் இருந்தது. அதை மறைப்பதில் பயனில்லை.

அந்தச் சனிக்கிழமை ஹரிப்ரியாவுக்கு நான் என்ன பதில் சொன்னேன் தெரியுமா? "யோசிச்சுச் சொல்றேம்மா" என்றேன். அவள் எழுந்துகொண்டே மேலும் சொன்னாள்: விமானத்துக்கு ஒப்புதல் தருவதற்கு முன், மூடப்பட்ட குறிப்புகளையெல்லாம் மூன்று பேர் கொண்ட மறுஆய்வுக் குழு பார்க்கிறது. அவள் உன் குறிப்பை எடுத்துக் காட்டியிருக்கிறாள். நிறுவனத்தின் பதில் ஒரே வரி: ஆட்சேபிக்க நினைத்திருந்தால் அவர் ஆட்சேபித்திருப்பார், அவருடைய கையெழுத்து இருக்கிறது. நான்கு வாரத்தில் குழு கலைந்துவிடும். அதற்குள் திறக்காத எதுவும் பிறகு திறக்காது. அதற்குப் பிறகு பயணிகள் ஏறுவார்கள்.

அவள் போனதும் நோட்டுப் புத்தகத்தைத் தேடி எடுத்தேன். முடிந்துபோன வழக்குகளின் கட்டுகளுக்கு நடுவே வைத்திருந்தேன். உன் கையெழுத்தில் கறுப்பு மையில் அந்த வாக்கியம். அதன்மேல் ஒரே இழுப்பாக என் சிவப்புக் கோடு. ஓரத்தில் என் எழுத்தில் "விரும்பத்தக்கது". இதைவிடத் தெளிவான சான்றை என் தொழிலில் நான் பார்த்ததில்லை.

அதை நான் ஒன்பது நாள் எவரிடமும் காட்டவில்லை.

ஏன் என்று கேட்பாய். அந்த நோட்டைக் குழுவின் முன் வைத்தால், நீ இரகசிய ஆவணத்தை வெளியாளிடம் காட்டினாய் என்பதும் சேர்ந்தே நிரூபணமாகும். ஒன்றை நிரூபிக்காமல் மற்றொன்றை நிரூபிக்க வழியில்லை. எல்லா வழியும் தேடிப் பார்த்தேன். நீ போன வருடமே நிறுவனம் உன் பெயரில் ஒரு விருது ஏற்படுத்தியது உனக்குத் தெரியாது. நெறி தவறாத பணிக்கான விருது. அதன் தகடு ஒன்றை அம்மாவுக்கு அனுப்பினார்கள். பாலசமுத்திரத்தில் டிவிக்கு மேலே ஆணியடித்து மாட்டியிருக்கிறாள். பால் ஊற்ற வருபவர், ரேஷன் கார்டு சரிபார்க்க வருபவர், எவரும் அதைப் பார்க்காமல் வெளியே போக முடியாது. உனக்காக மிச்சம் இருப்பது அந்தப் பெயர் ஒன்றுதான். இறந்தவள் வந்து பதில் சொல்ல முடியாத ஒரு குற்றத்தை, அவள் அண்ணனே அவள்மேல் எழுதிக்கொடுப்பதா?

மறுபக்கம், பிராக்கெட் உடையும் என்று எவரும் சொல்லவில்லை. நீயும் சொல்லவில்லை. ஒருவேளை அது நாற்பது ஆண்டுகள் தாங்கும். அப்படியானால் நான் ஒன்றுக்கும் இல்லாமல் உன் பெயரைக் கெடுத்தவன் ஆவேன். இப்படி இரண்டு பக்கமும் எழுதி எழுதிப் பார்த்தேன். எங்கே எழுதினாலும் கடைசியில் "விரும்பத்தக்கது" என்றே வந்து நின்றது. அந்த நாட்களில் ரேணிகுண்டாவில் இறங்கப் போகும் விமானச் சத்தம் கேட்டால் அண்ணாந்து பார்க்காமல் இருக்க முயன்றேன்.

பத்தாவது நாள், திங்கட்கிழமை, வாய்தா வாங்கிவிட்டு பாலசமுத்திரத்துக்குப் போனேன். அம்மா முற்றத்தில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாடா நைனா, இன்னிக்கு கோர்ட்டு லீவா? மூஞ்சி இன்னா இப்டி இருக்குது?"

எல்லாவற்றையும் சொன்னேன். டம்ளரிலிருந்து தகடு வரை. அம்மா கடலை உரிப்பதை நிறுத்தவில்லை. முடிந்ததும் கேட்டாள்.

"அந்தப் பிளேனு வுழுந்துடுமா?"

"தெரியாதும்மா."

"வுழாதுன்னு தெரியுமா?"

"அதுவும் தெரியாது."

"அப்ப இன்னாத்துக்கு இங்க வந்து ஒக்காந்துக்கினு இருக்கிற?"

"வனஜா பேரு கெட்டுடும்மா. தகட்டத் திருப்பிக் கேப்பாங்க."

"கேட்டா குடுத்துடு. அந்த ஆணில நான் காலண்டர மாட்டிக்கிறேன்." முறத்தைக் கீழே வைத்தாள். அதுவரை தாழ்ந்திருந்த குரல் அப்போதுதான் உயர்ந்தது. "அத வுடு. அவ எழுதனத நீ ஏன்டா அடிச்ச? சின்னதுல அவ தட்டுல இருந்து அப்பளத்த எடுத்துத் துன்னுவ. இப்ப அவ வார்த்தையயும் எடுத்துட்டியா?"

எத்தனையோ நீதிபதிகளுக்கு முன் நின்றிருக்கிறேன். எவரும் இப்படிக் கேட்டதில்லை. முறத்தை இழுத்து வைத்துக்கொண்டு நானும் கடலை உரித்தேன்.

மறுநாள் பிரமாண வாக்குமூலத்தைத் தயாரித்தேன். நோட்டில் இருப்பது உன் கையெழுத்து என்று அடையாளம் சொல்ல ஒருவர் தேவைப்பட்டது. ஹரிப்ரியா தானாகவே முன்வந்தாள். அவளுக்கு நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன்: அதே நிறுவனத்தில் வேலை பார்ப்பவள் நிறுவனத்துக்கு எதிரான ஆவணத்தில் கையெழுத்திட்டால் என்னென்ன நேரலாம் என்று, வரிசையாக, ஒன்றும் விடாமல்.

"சார், இப்பவும் நீங்க பயமுறுத்திண்டுதான் இருக்கேள்" என்றாள். பேனாவை என் சட்டைப் பையிலிருந்து அவளே எடுத்துக்கொண்டாள்.

குழுவின் விசாரணை காணொளி வழியாக நடந்தது. என் அலுவலக அறையில் கணினியின் முன் உட்கார்ந்தேன். ஹரிப்ரியா எனக்குப் பின்னால் நாற்காலியில். அம்மா வருவேன் என்று பிடிவாதம் பிடித்து, பஸ்ஸில் வந்து, லலிதாவோடு கதவோரம் உட்கார்ந்திருந்தாள். திரையில் குழுவினர் மூவரும் நிறுவனத்தின் வழக்கறிஞரும். அவர் என்னைவிட இளையவர்; கெட்டிக்காரர். நான் அவர் இடத்தில் இருந்திருந்தால் என்ன கேட்டிருப்பேனோ அதையே கேட்டார்.

"இறுதிக் குறிப்பில் உள்ள 'விரும்பத்தக்கது' என்ற சொல் யாருடையது?"

"என்னுடையது."

"உங்கள் தங்கை அதை ஏற்றுக் கையெழுத்திட்டாரா?"

"கையெழுத்திட்டாள்."

"எவரும் அவரை மிரட்டவில்லை?"

இங்கே நான் தயங்கினேன். மிரட்டவில்லை என்பது உண்மை. ஆனால் முழு உண்மையா? "நான் அவளுடைய அண்ணன். அவள் நோயாளி. நான் சட்டம் படித்தவன். இந்த மூன்றையும் அன்று ஒருசேரப் பயன்படுத்தினேன்" என்றேன்.

அவர் ஒரு தாளைப் புரட்டினார். அடுத்த கேள்வி எனக்கு முன்பே தெரிந்திருந்தது. "அப்படியானால், நிறுவனத்தின் இரகசிய ஆவணத்தை அவர் வெளியாளான உங்களிடம் காட்டினார் என்று ஒப்புக்கொள்கிறீர்கள்."

என் முன் ஒரு சாட்சி இந்தக் கேள்வியைச் சந்தித்தால் என்ன சொல்லச் சொல்வேன் தெரியுமா? "சரியாக நினைவில்லை." இரண்டே சொல். எத்தனை பேரை அந்த இரண்டு சொற்களில் கரையேற்றியிருக்கிறேன்! நாக்கின் நுனிவரை வந்துவிட்டன. பதில் சொல்லுங்கள் என்று குழுவின் தலைவர் சொன்னார்.

அப்போது கதவோரத்திலிருந்து அம்மா தொண்டையைக் கனைத்தாள். அவளுக்கு ஆங்கிலம் தெரியாது. நான் பேசாமல் இருப்பது மட்டும் தெரிந்திருக்கிறது.

"ஆம். காட்டினாள். தவறு என்று தெரிந்தும் நான் வாங்கிப் படித்தேன்" என்றேன்.

பிறகு நோட்டுப் புத்தகத்தைத் திறந்து, நான் அடித்த வாக்கியத்தைக் குழுவுக்குப் படித்துக் காட்டினேன். நீ எழுதிய அதே ஆங்கிலத்தில், ஒரு சொல்லும் விடாமல். படித்து முடிக்கையில் குரல் ஒரு இடத்தில் உடைந்தது. எந்த இடம் என்று உனக்குத் தெரியும். "மாட்டேன்" என்ற இடம்.

பன்னிரண்டு நாள் எந்தச் செய்தியும் இல்லை. அந்தப் பன்னிரண்டு நாளும் நான் யாரோடு என்ன பேசினேன், எந்த வழக்கில் ஆஜரானேன் என்று கேட்டால், இம்முறை உண்மையாகவே நினைவில்லை.

பதின்மூன்றாம் நாள் காலை நீதிமன்ற வராந்தாவில் நிற்கும்போது ஹரிப்ரியாவின் அழைப்பு வந்தது. "சார், தொறந்துட்டா" என்றாள். அவ்வளவுதான் சொல்ல முடிந்தது அவளால்.

வனஜா, உன் குறிப்பு அப்சர்வேஷன் பெட்டியிலிருந்து எடுக்கப்பட்டு அப்ஜெக்‌ஷன் பெட்டியில் வைக்கப்பட்டிருக்கிறது. உன் பெயரில், உன் பழைய வாக்கியத்தோடு. இனி அதை ஒரு வரி எழுதி மூட முடியாது. இறக்கையின் அந்தப் பகுதியை அப்படியே ஒரு குளிர் அறைக்குள் வைத்து, உன் பதினாறு மணி நேரமும் ஊறவிட்டு, வெளியிலிருந்து சூடேற்றி, மடலின் முழுச் சுமையையும் ஏற்றிப் பார்க்கப் போகிறார்கள். அறையைக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று ஹரிப்ரியா சொல்கிறாள். அவளை இறக்கைக் குழுவிலிருந்து மாற்றி வேறு மாடிக்கு அனுப்பிவிட்டார்கள். "சாப்பாட்டு நேரத்துல இறங்கிப் போய்ப் பாத்துண்டு வரேன் சார். பாக்கறதுக்கு யார் பர்மிஷன் வேணும்?" என்கிறாள்.

மற்றச் செய்திகளையும் சொல்லிவிட வேண்டும். விருதிலிருந்து உன் பெயரை எடுத்துவிட்டார்கள். தகட்டை அவர்கள் திருப்பிக் கேட்கவில்லை. அம்மாவே கழற்றிப் பழைய துணியில் சுற்றி வைத்துவிட்டாள். சொன்னபடியே அந்த ஆணியில் காலண்டர் தொங்குகிறது. பால் ஊற்றுபவர் தகடு எங்கே என்று கேட்டாராம். "அவ சும்மா இருந்ததுக்குக் குடுத்தாங்க. அவ சும்மா இல்லன்னு தெரிஞ்சி போச்சி, எடுத்துக்கினாங்க" என்றாளாம் அம்மா. என்மேல் வழக்கறிஞர்கள் மன்றத்தில் புகார் வந்திருக்கிறது. விளக்கம் கேட்டிருக்கிறார்கள். எழுதிவிட்டேன், ஒரே பக்கம். இதுவரை நான் எழுதிய விளக்கங்களில் மிகச் சிறியது.

உன் பெயரைக் கெடுத்துவிட்டேனா, வனஜா? உனக்காக நான் இதைச் செய்தேனா, என் சிவப்புக் கோட்டை அழிப்பதற்காகச் செய்தேனா? இறக்கைக்குப் பின்னால் ஜன்னலோரம் உட்கார்ந்து, இறங்கும்போது மடல் விரிவதைப் பார்க்க வேண்டும் என்று நீ ஆசைப்பட்டாயே, அந்த இருக்கையில் யார் உட்காரப் போகிறார்கள்? அவர்களுக்கு இதில் எதுவும் தெரிய வேண்டியதில்லை. மடல் விரியும், தரை வரும், அவர்கள் பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போவார்கள். நீ கேட்டது அவ்வளவுதான்.

என் வாக்குறுதி இது. சோதனை முடிந்ததும் முடிவை உனக்கு எழுதுவேன். இணைப்பில் விரிசல் விழுந்தால், விழுந்தது என்று எழுதுவேன். விரிசலே இல்லாமல் தாங்கிவிட்டால், நீ பயந்ததற்குக் காரணமில்லை, உன் கணக்கு பொய்த்தது என்று அதையும் எழுதுவேன். அப்படி ஆனால் நீதான் முதலில் சிரிப்பாய் என்பது எனக்குத் தெரியும். எதுவானாலும் உனக்கும் அந்த முடிவுக்கும் நடுவே என் சொல் ஒன்றுகூட நிற்காது.

உன் அண்ணன்,
கோ. தாமோதரன்
சித்தூர்

அடித்தல் திருத்தல் விவரம்: மேலே நான்காவது பத்தியில் "தவறு செய்திருக்கக்கூடும்" என்று முதலில் எழுதியிருந்தேன். சாட்சிகளுக்குப் படித்துக் காட்டியபோது முதல் சாட்சி, "ஏன்டா, இருக்கக்கூடுமா?" என்று கேட்டதன்பேரில் அது அடிக்கப்பட்டு, "தவறு செய்தேன்" என்று திருத்தப்பட்டது. வேறு திருத்தம் இல்லை.

சாட்சிகள்:
1. கோ. மங்கம்மா, தாய், பாலசமுத்திரம்
2. ஹரிப்ரியா, உடன் பணிபுரிந்தவள், திருப்பதி